புற்றுக் கட்டி தரும் நெருக்கடி

பழைய மதில் ஒன்றின் விரிசலில், பறவையின் எச்சத்தோடு வந்து விழுந்த அரச விதை முளைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொடக்கத்தில் அது நகத்தால் கிள்ளி எறியக்கூடிய மெல்லிய தளிர்தான். சில ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டால் அதன் வேர் மதிலையே பிளந்துவிடும். வேரிடம் உளியும் இல்லை, சுத்தியலும் இல்லை. அது வளர்கிறது, வளர்வதற்கு இடம் போதவில்லை. இடம் போதாத இடத்தில் வளரும் பொருள் எதுவாயினும் தன்னைச் சூழ்ந்துள்ளவற்றைத் தள்ளும். சூழ்ந்துள்ளவை அதைத் திரும்பத் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி வேருக்கும் பொருந்தும், மதிலுக்கும் பொருந்தும்.

மனித உடலினுள் வளரும் புற்றுக் கட்டிக்கும் இதே விதி பொருந்துகிறது. புற்றுநோய் என்றதும் நஞ்சு, புகையிலை, மரபணு, கதிர்வீச்சு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை வேதியியலும் உயிரியலும் சார்ந்தவை. விசை, அழுத்தம், பாய்மம் போன்ற இயற்பியல் சொற்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை மிகுதியாக உண்டு. வளரும் கட்டி தன் நெருக்கலினாலேயே உடலின் காவற்படையை வாயிலில் தடுத்து நிறுத்திவிடுகிறது என்பதை அண்மைக் கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அது எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

அழுத்தத்தை அளக்கும் முறை

ஒரு பரப்பின் மீது செயற்படும் விசையை அப்பரப்பினால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். இதன் அலகுக்குப் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயர் இடப்பட்டுள்ளது. மருத்துவர்களோ பாதரச மில்லிமீட்டர் என்னும் பழைய அலகையே இன்றும் பயன்படுத்துகின்றனர். இரத்த அழுத்தம் 120/80 என்று சீட்டில் எழுதித் தருகிறார்களே, அது பாதரசத் தம்பத்தின் உயரத்தைக் குறிப்பது. ஒரு மில்லிமீட்டர் பாதரசம் ஏறத்தாழ 133 பாஸ்கலுக்குச் சமம். தண்ணீரில் சொன்னால் சுமார் 13.6 மில்லிமீட்டர் உயரம்.

நலமான உடலில் இரத்தம் பெரிய தமனிகளை விட்டு நுண்ணிய தந்துகிகளுக்கு வந்து சேரும்போது அதன் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். தந்துகிகளில் அது ஏறக்குறைய 15 முதல் 30 மில்லிமீட்டர் வரையில்தான் இருக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயிரணுக்களுக்கு உணவும் உயிர்வளியும் கொண்டுசெல்லும் கடைசிக் கால்வாய்கள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன. ஆகவே வெளியிலிருந்து சிறிது நெருக்கினாலும் இவை நசுங்கக்கூடியவை.

கட்டியினுள் இருவகை அழுத்தம்

புற்றுக் கட்டியினுள் ஒன்றல்ல, இரண்டு வகை அழுத்தங்கள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிவது மிகவும் தேவை.

முதலாவது பாய்ம அழுத்தம். உயிரணுக்களுக்கு இடையே உள்ள சந்துகளில் எப்போதும் சிறிது நீர் இருக்கும். இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் அந்த நீரை நிணநீர்க் குழாய்கள் வடித்துக்கொண்டு போகும். நம் ஊரில் மழை பெய்யும்போது தெரு நீரைப் பெரிய வாய்க்கால் வாங்கிக்கொள்வது போன்றது இது. வாய்க்கால் சரியாக இருக்கும் வரையில் தெருவில் நீர் தேங்காது. அதனால் நலமான திசுக்களில் இந்த நீரின் அழுத்தம் ஏறத்தாழச் சுழியாகவே இருக்கிறது.

புற்றுக் கட்டியிலோ நிலைமை வேறு. அவசரமாக முளைத்த அதன் இரத்தக் குழாய்களின் சுவர்கள் ஓட்டை உடைசலானவை, மிகுதியாகக் கசிபவை. வடிக்க வேண்டிய நிணநீர்க் குழாய்கள் கட்டியின் உட்பகுதியில் வேலை செய்வதில்லை. வரவு மிகுதி, வடிகால் இல்லை. எனவே நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. முயல்களின் கட்டிகளில் அழுத்தம் உயர்ந்திருப்பது 1950ஆம் ஆண்டிலேயே அளந்தறியப்பட்டது. மனிதக் கட்டிகளில் 5 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் காணப்பட்டிருக்கிறது.

இரண்டாவது திண்ம அழுத்தம். இயற்பியல் வகுப்பில் நாம் தகைவு என்று சொல்வது இதுவே. அணுக்களும், அவற்றைப் பிணைக்கும் கொலாஜன் நார்களும், நீரை உறிஞ்சிப் பருக்கும் ஹயலுரோனிக் அமிலம் என்னும் கூழ்ப்பொருளும் ஒன்றையொன்று நெருக்குவதனால் உண்டாவது இது. நீர் முழுவதையும் வடித்துவிட்டாலும் இந்த நெருக்கல் போகாது. பஞ்சை அடைத்த தலையணையை எண்ணிப் பாருங்கள். அதில் நீர் இல்லை. ஆயினும் உள்ளிருக்கும் பஞ்சு உறையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது அல்லவா?

இங்கே ஒரு கேள்வி எழும். கட்டியின் இரத்தக் குழாய்களை நசுக்குவது இவ்விரண்டில் எது? பாய்ம அழுத்தம் என்றே முதலில் தோன்றும். ஆனால் சற்றுச் சிந்தித்தால் அது சரியன்று என்பது புலப்படும். கட்டியின் குழாய்ச் சுவர்கள் ஓட்டை என்று பார்த்தோம். ஓட்டையான சுவரின் இருபுறமும் நீரின் அழுத்தம் விரைவில் ஏறத்தாழச் சமமாகிவிடும். இருபுறமும் சமமாகத் தள்ளப்படும் சுவர் எப்பக்கமும் சாயாது. அணுக்களும் நார்களும் தரும் திண்ம நெருக்கலோ ஓட்டை வழியே நுழைந்து சமமாவதில்லை. அது வெளியிலிருந்து மட்டுமே செயற்படுகிறது. ஆகவே குழாயை நசுக்குவது திண்ம அழுத்தமே.

தர்பூசணியும் கட்டியும்

திண்ம அழுத்தம் இருப்பதை எவ்வாறு அறிவது? கோடையில் நன்கு முற்றிய தர்பூசணியில் கத்தியின் நுனி பட்டதுமே, கத்திக்கு முன்னால் விரிசல் தானாக ஓடிப் பழம் படீரென்று பிளப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே இறுக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் தோல் விட்டுக்கொடுத்ததும் அது வெளிப்படுகிறது. வெட்டி எடுத்த புற்றுக் கட்டியைப் பாதிக்கு மேல் ஆழமாக ஒரு கத்தியால் கீறினால், கீறலின் இரு ஓரங்களும் தாமாகவே விலகுகின்றன. எவ்வளவு விலகுகின்றன என்பதை அளந்து, திசுவின் விறைப்பையும் அறிந்தால், உள்ளிருந்த தகைவைக் கணக்கிட்டுவிடலாம். 2012ஆம் ஆண்டில் இந்த முறையில் எலிகளின் கட்டிகளும் மனிதக் கட்டிகளும் ஆராயப்பட்டன.

அதற்கு முன்பே, 1997இல், வேறொரு அழகிய சோதனை செய்யப்பட்டது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் என்னும் பொருளைக் காய்ச்சி ஆறவிட்டால், இனிப்புக் கடைகளில் விற்கும் கடற்பாசித் துண்டு போன்ற கூழ்க்கட்டி கிடைக்கும். அதனுள் குடற்புற்று அணுக்களைப் பதித்து வளர்த்தனர். கூழ் கெட்டியாக ஆக, அணுத்திரள் சிறிய அளவிலேயே நின்றுவிட்டது. நின்றுபோன நிலையில் நெருக்கல் 45 முதல் 120 மில்லிமீட்டர் வரை எனக் கணக்கிடப்பட்டது. கூழிலிருந்து விடுவித்ததும் அந்த அணுக்கள் மறுபடியும் வளரத் தொடங்கின. தந்துகிகளின் அழுத்தம் 15 முதல் 30 மில்லிமீட்டர் என்று முன்னே சொன்ன எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டியின் அணுக்கள் தாங்கக்கூடிய நெருக்கல், இரத்தக் குழாய் தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு மிகுதி!

அப்படியானால் கட்டியை வெளியிலிருந்து அழுத்தி அதன் வளர்ச்சியை நிறுத்திவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. நெருக்கப்பட்ட புற்றணுக்களுள் சில, நின்ற இடத்தில் வளர்வதை விட்டு, ஊர்ந்து செல்லும் இயல்பைப் பெறுகின்றன என்பதும் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. ஊரும் இயல்பு நோய் பரவுவதற்கு வழி.

இந்த ஆய்வுகளுக்குப் பின்னால் ஓர் இந்தியரின் பெயர் நிற்கிறது. ராகேஷ் ஜெயின் என்பவர் 1972இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்றவர். குழாய்களிலும் நுண்துளைகளிலும் பாய்மங்கள் ஓடும் முறையைப் படித்த பொறியியலாளரான அவர், அதே கணக்குகளைப் புற்றுக் கட்டியின் மீது செலுத்தினார். பாஸ்டன் நகரில் மாசச்சூசட்ஸ் பொது மருத்துவமனையில் அவர் நடத்திவரும் ஆய்வுக்கூடம் இத்துறைக்கு ஒரு தாய்வீடு எனலாம். 2016இல் அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 2004இல் அவருடைய குழுவினர், எலிக் கட்டிகளில் புற்றணுக்களை மட்டும் கொன்றபோது, நசுங்கிக் கிடந்த குழாய்கள் மீண்டும் திறந்துகொண்டதைக் காட்டினர். நசுக்கியவர் யார் என்னும் வழக்கில் அது நேரடிச் சாட்சியாயிற்று.

புவாசேயின் கணக்கு

குழாய் சிறிது ஒடுங்கினால் ஓட்டம் சிறிதுதானே குறையும் என்று எண்ண வேண்டாம். பாரிஸ் நகர மருத்துவர் புவாசே (1797–1869) இரத்த ஓட்டத்தை அறியும் ஆவலில் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்தார். நம் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. அவர் கண்ட விதி இன்றும் நம் கல்லூரிகளில் இயற்பியல் செய்முறை வகுப்பில் மாணவர்கள் சரிபார்க்கும் விதிதான்: மற்றவை மாறாதிருக்கும்போது, குழாயில் ஓடும் பாய்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்து 0.9 ஆனால், ஓட்டம் 0.9 என்பதன் நான்காம் அடுக்கு, அதாவது 0.66 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு! இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய பாய்மம் அன்று; நுண்குழாய்களில் இந்த விதி அப்படியே பொருந்தாது. ஆயினும் சிறு ஒடுக்கம் பெரும் தடையாகும் என்ற அடிப்படை மாறுவதில்லை.

ஓட்டம் குறைந்தால் உயிர்வளி குறையும். ஒரு குழாயிலிருந்து உயிர்வளி பரவிச் செல்லக்கூடிய தொலைவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரைதான். அதற்கு அப்பால் உள்ள பகுதி மூச்சுத் திணறும்; அங்கே அமிலமும் பெருகும். மருந்தும் அங்கே போய்ச் சேராது. மருந்து போகாத வழியில் காவலரும் போக முடியாது. இனி அந்தக் காவலரைப் பற்றிப் பார்ப்போம்.

காவற்படையின் பாசறை

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டையில் புண் வந்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறது. நம் பாட்டிமார் அறிந்த இந்த நெறிதான் நிணநீர்க் கணு. மொச்சைக் கொட்டை போன்ற வடிவில் நூற்றுக்கணக்கான கணுக்கள் நம் உடலில் உள்ளன. நிணநீர்க் குழாய்கள் அந்தந்த வட்டாரத்தின் நீரை வடித்துக் கொண்டுவந்து இவற்றில் சேர்க்கின்றன. அந்த நீரோடு எதிரியின் அடையாளத்தைச் சுமந்து வரும் ஒற்றர் அணுக்களும் வருகின்றன.

கணுவில் காத்திருப்பவை டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள். ஒவ்வொரு டி அணுவும் ஒரே ஒரு வகை அடையாளத்தை மட்டும் இனங்காண வல்லது. ஆகையால் தனக்குரிய எதிரி எங்கே இருக்கிறான் என்று அறிய அது ஒரு கணுவிலிருந்து இன்னொரு கணுவுக்கு இடைவிடாது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒற்றன் காட்டும் அடையாளம் தன்னுடையதோடு பொருந்தினால் அங்கேயே தங்கிப் பல்லாயிரமாகப் பெருகி, போருக்குப் புறப்படுகிறது. புற்றணுவை எதிர்த்து எழும் படையும் இப்படித்தான் திரள்கிறது.

டி அணுக்கள் இரத்தத்திலிருந்து கணுவுக்குள் நுழைவது எப்படி? அதற்கென்று தனி வாயில்கள் உண்டு. கணுவினுள் ஓடும் சில சிறு சிரைகளின் உட்சுவர், மற்றக் குழாய்களைப் போல் தட்டையாக இல்லாமல், உயரமான பருத்த அணுக்களால் ஆனது. அதனால் இவற்றை உயர்சுவர்ச் சிறுசிரைகள் என்று அழைக்கலாம். இரத்தத்தில் உருண்டு வரும் டி அணு இந்தச் சுவரில் ஒட்டி, வேகம் குறைந்து, நின்று, அணுக்களுக்கு இடையே நெளிந்து உள்ளே புகுகிறது. இந்த வாயில்கள் மூடினால் பாசறைக்கு ஆள் வருவது நின்றுவிடும்.

வாயில் அடைபடும் விதம்

மார்பகம், வாய், குடல் போன்ற இடங்களில் தோன்றும் புற்று பல நோயாளிகளுக்கு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் பரவுகிறது. இதில் ஒரு வியப்பு உண்டு. எதிரி வேறெங்கும் போகாமல் காவற்படையின் பாசறைக்குள்ளேயே வந்து குடியேறுகிறான். படை சும்மா இருக்குமா? உடனே சூழ்ந்து அழித்துவிட வேண்டாமா? ஆனால் அவ்வாறு நடப்பதில்லை. ஏன்?

பாஸ்டனில் திமோதி படேரா, டென்னிஸ் ஜோன்ஸ் முதலியோர் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரின் ஒரு பகுதியை விடுவித்தது. மார்பகம், குடல், தலை, கழுத்து ஆகிய இடங்களில் புற்று வந்த நோயாளிகளின் கணுக்களையும், மார்பகப் புற்று கொண்ட எலிகளின் கணுக்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். கணுவில் டி அணுக்கள் இருந்தன. ஆனால் புற்று குடியேறிய பகுதிக்குள் அவை நுழையவில்லை. அந்தப் பகுதி வளர வளரத் திண்ம அழுத்தம் ஏறியிருந்தது. வேலை செய்யும் உயர்சுவர்ச் சிறுசிரைகளின் எண்ணிக்கை அங்கே குறைந்திருந்தது. எலிகளில் அந்த நெருக்கலைத் தளர்த்தியபோது, புற்றுப் பகுதியினுள் வெள்ளணுக்கள் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு பெருகின.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் காந்தி வீதிச் சந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நடுவே ஒரு திருடன் இருக்கிறான். காவலர்கள் வண்டியோடு தெருமுனையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஆள்பலம் உண்டு, அடையாளமும் தெரியும். ஆனால் குறுக்குச் சந்துகள் எல்லாம் கடைகளாலும் கூட்டத்தாலும் அடைபட்டுவிட்டன. திருடன் தப்புவது காவலரின் சோம்பலால் அன்று, வழி இல்லாமையால். கணுவிலும் நடப்பது இதுதான்.

காய்ச்சலில் நெறி கட்டும்போதும் கணு பெருக்கிறதே, அப்போது வாயில்கள் ஏன் நசுங்குவதில்லை என்று கேட்பீர்களானால், அது மிக நல்ல கேள்வி. கணுவின் உள்ளே நார்களாலும் நார் அணுக்களாலும் ஆன ஒரு சட்டகம் உண்டு. நோய்க்கிருமிகளின் அடையாளத்தோடு ஒற்றர் அணுக்கள் வந்ததும், அவை தரும் சைகையால் அந்தச் சட்டகத்தின் இழுவிசை தளர்கிறது. கணு விரிந்து கொடுக்கிறது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இதைக் காட்டின. வீட்டுக்கு விருந்தினர் வருமுன் கட்டிலை நகர்த்தி இடம் செய்வது போன்ற ஏற்பாடு இது. புற்றணுக்களோ சொல்லாமல் நுழைந்து, இருக்கும் இடத்திலேயே பெருகி, சுற்றியுள்ளவற்றை நெருக்குகின்றன.

அடைபடுவது வாயில் மட்டுமன்று

நெருக்கலின் தீங்கு இதோடு முடிவதில்லை. முதற்கட்டியினுள் நிணநீர்க் குழாய்கள் நசுங்கிக் கிடப்பதைக் கண்டோம். இரத்தக் குழாய்கள் நசுங்கிய இடத்தில் உயிர்வளி குறைந்து அமிலம் பெருகுகிறது. அந்தச் சூழலில் டி அணுக்கள் சோர்ந்துபோகின்றன. மாறாக, எதிர்ப்பை அடக்கும் இயல்புள்ள வேறு சில வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன.

மேலும், கொலாஜன் நார்கள் நெருக்கமாகப் பின்னிக்கொண்ட இடத்தில் டி அணு ஊர்ந்து செல்வதே கடினம். அணுவின் மற்றப் பகுதிகள் குழைந்து கொடுக்கும். நடுவிலுள்ள உட்கரு அவ்வளவாகக் குழையாது. தன் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரையில் உட்கரு ஒடுங்கக்கூடும். அதற்கும் சிறிய துளையானால் அணு அங்கேயே நின்றுவிடும். எலி வளைக்குள் பெருச்சாளி நுழைய முடியாதது போலத்தான். கட்டியின் ஓரத்தில் டி அணுக்கள் திரண்டு நிற்க, உள்ளே ஒன்றும் இல்லாத காட்சியை நோய்க்குறி வல்லுநர்கள் நுண்ணோக்கியில் அடிக்கடி காண்கின்றனர்.

இதன் முக்கியத்துவத்தை உணர வேண்டுமானால் ஒரு செய்தியை நினைவுகொள்ள வேண்டும். டி அணுக்களின் மீது புற்று போடும் பூட்டைத் திறந்துவிடும் மருந்துகளுக்கு வழிகண்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்துகளால் சிலர் வியக்கத்தக்க வகையில் நலம் பெற்றுள்ளனர். ஆனால் பெரும்பாலோருக்கு அவை போதிய பயன் தருவதில்லை. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மிக எளியது: படை கட்டிக்குள் போகவே இல்லையென்றால், அதன் கைவிலங்கை அவிழ்த்து என்ன பயன்?

நெருக்கலைத் தளர்த்த முடியுமா?

நெருக்கலைத் தருபவை அணுக்கள், நார்கள், நீர் உறிஞ்சும் கூழ் ஆகியவை என்று பார்த்தோம். ஆகவே அவற்றைக் குறைத்தால் குழாய்கள் திறக்கும் என்பது கருத்து. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்த மருந்துகளுள் ஒன்று நமக்கு நன்கு அறிமுகமானது. இரத்தக் கொதிப்புக்குப் பல வீடுகளில் நாள்தோறும் விழுங்கும் லோசார்ட்டன் மாத்திரைதான் அது. நார்கள் உற்பத்தியாவதைக் குறைக்கும் குணமும் அதற்கு உண்டு. 2021 ஆய்விலும் எலிகளின் கணுக்களில் நெருக்கலைத் தளர்த்த அதுவே பயன்பட்டது. கணையப் புற்று முற்றி அறுவை செய்ய இயலாத நிலையிலிருந்த 49 நோயாளிகளுக்கு, மற்றச் சிகிச்சைகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டியை முழுமையாக அகற்ற முடிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். அந்த ஆய்வு சிறியது. இம்மாத்திரை இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காதது. இரத்த அழுத்தம் சரியாக உள்ளவர் தாமாகவே இதை விழுங்கினால் மயங்கி விழ நேரிடும், சிறுநீரகமும் கெடக்கூடும். எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. ஹயலுரோனிக் அமிலத்தைக் கரைக்கும் ஒரு மருந்து மிகுந்த நம்பிக்கையோடு கணையப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. அது அவர்கள் ஆயுளை நீட்டவில்லை என்று 2019இல் தெரியவந்தது. கருத்து சரியாக இருந்தும் கருவி பொருந்தாமல் போவது அறிவியலில் புதிதன்று.

நாம் செய்யக்கூடியது

இனி, நம் வீட்டு நிலைக்கு வருவோம். இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கிறது. வெற்றிலையோடு புகையிலை அடக்குவதும், பொட்டலப் புகையிலையை மெல்லுவதும், புகைப்பதும், மதுவும் இதன் முக்கியக் காரணங்கள். பெண்களிடையே மார்பகப் புற்று முதலிடம் வகிக்கிறது. இவ்விரண்டும் முதலில் பரவும் இடங்கள் முறையே கழுத்திலும் அக்குளிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள். அதாவது, நம் விரலுக்கு எட்டும் இடங்கள்!

கிருமியினால் கட்டும் நெறி பெரும்பாலும் வலிக்கும்; சில நாட்களில் வற்றிவிடும். புற்றினால் வரும் கட்டி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், வலிக்காது. வலிக்காததனாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் வற்றாமல் நிற்கும் நெறி, ஆறாத வாய்ப்புண், மார்பில் தட்டுப்படும் கட்டி ஆகிய எதுவாயினும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். பற்றுப் போடுவது, உருவிவிடுவது என்று மாதங்களைக் கடத்தலாகாது. நெறி கட்டினாலே புற்று என்று அஞ்சவும் வேண்டாம். நம் நாட்டில் காசநோயினாலும் கழுத்தில் நெறி கட்டுவது உண்டு. அது மருந்தால் தீரக்கூடியது. எது என்பதை ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்து அறியலாம். ஊசி பட்டால் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சம் எத்தனையோ பேரைக் காலம் கடந்து மருத்துவமனைக்கு வரச் செய்திருக்கிறது.

இதற்கெல்லாம் நாம் தொலைவில் போகத் தேவையில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியைத் தன் தொடக்கமாகக் கொண்ட கோரிமேடு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தும் மக்கள் அங்கு வருகின்றனர். சென்னை அடையாற்றில், தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் உள்ளது.

விரைவில் செல்ல வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இயற்பியலும் ஒரு காரணம் தருகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போது நெருக்கல் குறைவு, குழாய்கள் திறந்திருக்கின்றன, மருந்துக்கும் வழி உண்டு, டி அணுவுக்கும் வழி உண்டு. நாள் செல்லச் செல்ல அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஆரம் சிறிது குறைந்தாலும் ஓட்டம் வெகுவாகக் குறையும் என்ற புவாசேயின் கணக்கை இங்கே மறவாதீர்கள். கழுத்தில் ஒரு நெறி வற்றாமல் நிற்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளாமல், அந்த வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள்.